பழவேற்காட்டு உப்பு மிஷினும் நான் எழுதிய நாலு வரியும்

பழவேற்காட்டுக்குப் போய்வந்தேன் என்று சொன்னதும், "பூநாரை பாத்தியா, டச்சுக்காரங்க கல்லறை பாத்தியா" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். இரண்டையும் பார்க்கவில்லை. நான் போனது ஒரு அறிக்கையில் நானே எழுதிய நாலு வரியைப் பார்க்க.

விளக்கமாகச் சொல்கிறேன். சென்னையில் ஒரு சிறிய ஆய்வு மையத்தில் எனக்கு வேலை. நம்மைப் போன்ற வளரும் நாடுகளில் அறிவியல், தொழில்நுட்பத் திட்டங்கள் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு என்ன ஆகின்றன, அடுத்த கொள்கை எப்படி இருக்க வேண்டும் என்றெல்லாம் அறிக்கை எழுதுவோம். கேட்கப் பெரிதாக இருக்கும். உண்மையில் ஏசி அறையில் உட்கார்ந்து, போகாத ஊர்களைப் பற்றிக் கருத்துச் சொல்லும் வேலை. போன வருடம் கடலோரத்தில் ஊருக்கொரு கருவி கொடுத்த திட்டம் ஒன்று எங்களிடம் மதிப்பீட்டுக்கு வந்தது. கருவி டார்ச் லைட் அளவுதான் இருக்கும். கயிற்றில் கட்டித் தண்ணீரில் இறக்கினால் எவ்வளவு உப்பு, எவ்வளவு சூடு என்று காட்டும். எந்த இடம், எத்தனை மணி என்பதையும் சேர்த்துச் செல்போன் வழியாக எங்களுக்கு அனுப்பிவிடும்.

பழவேற்காட்டு ஏரியில் ஒரு குப்பத்திலிருந்து வந்த அளவுகளைப் பார்த்தால் தலை சுற்றியது. தினம் ஒரே இடத்தில், காலை ஒன்பது மணிக்கு அளக்க வேண்டும் என்பது விதி. இங்கே இடம் தினமும் மாறுகிறது. நேரமும் மாறுகிறது. நடுவில் பல நாட்கள் காலி. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் பத்தே நிமிடத்தில் நான் எழுதியது இது: "இங்கு கருவி ஒழுங்கின்றிப் பயன்படுத்தப்பட்டுள்ளது. பயனர் கவனக்குறைவானவர். அளவீடுகள் நம்பத்தக்கவை அல்ல. கருவியைத் திரும்பப் பெறலாம்."

அப்புறம் ஒருநாள் டீ குடிக்கும்போது கூட வேலை செய்பவர் சாதாரணமாகக் கேட்டார், "நீங்க அந்த ஊருக்குப் போயிருக்கீங்களா?" என்று. சுருக்கென்றது. அடுத்து வந்த இரண்டாம் சனிக்கிழமை, ஆபீசில் யாரிடமும் சொல்லாமல், என் சொந்தச் செலவில் கிளம்பிவிட்டேன்.

சென்ட்ரல் புறநகர் நிலையத்தில் கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயிலைக் காலை 5.10-க்குப் பிடித்தேன். டிக்கெட் பத்து ரூபாய். பொன்னேரியில் 6.08-க்கு இறங்கினேன். அங்கிருந்து பேருந்து நிலையத்துக்கு ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். ஒரு டீயும் பன்னும் உள்ளே போவதற்குள் பழவேற்காட்டுப் பேருந்து வந்துவிட்டது, 6.40. இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான தூரம்தான். ஆனாலும் முக்கால் மணி நேரம் ஆகும், ஏனென்றால் ஓட்டுநருக்கு வழி நெடுக எல்லாரையும் தெரியும். திருப்பாலைவனம் வரை இரண்டு பக்கமும் நெல்வயல்தான். அங்கே உர மூட்டையோடு இரண்டு பேர் இறங்கினார்கள், காலிக் கூடைகளோடு நாலு பெண்கள் ஏறினார்கள். அதற்குப் பிறகு ஜன்னலில் வரும் காற்று பிசுபிசுக்கத் தொடங்கிவிடும். ஊர் வந்துவிட்டது என்று அதிலேயே தெரிந்துகொள்ளலாம்.

பழவேற்காட்டில் 7.25-க்கு இறங்கினேன். ஆட்டோ நிறுத்தத்தில் முதலாவதாக நின்றவர் ரஹீம் பாய். அவர் குடும்பம் தலைமுறை தலைமுறையாக ஊருக்குள் வியாபாரம் செய்ததாம். இவருக்கு மட்டும் கடையில் உட்கார்ந்தால் கால் மரத்துப்போகுமாம். குப்பத்துக்கு எண்பது ரூபாய் கேட்டார்.

"இன்னா மேடம், பறவ பாக்கவா? சீசன் முடிஞ்சிச்சே."

"இல்ல பாய். உப்பு அளக்கற கருவி ஒண்ணு இருக்காமே, அதப் பாக்க."

"வேணி உப்பு மிஷினா? அது இன்னிக்கு யாராண்ட கீதோ, தெரியலியே."

எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். பார்த்தாயா, கருவி கண்டவர் கையில் சுற்றுகிறது என்று ஆட்டோக்காரருக்கே தெரிந்திருக்கிறது, நான் எழுதியது சரிதான் என்று நினைத்துக்கொண்டேன். தோணிரேவுக்குத் திரும்பும் இடத்தைத் தாண்டிப் பன்னிரண்டு நிமிடத்தில் கொண்டுவந்து விட்டார். குப்பத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. இங்கே வரும் ஆட்களின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். காரணம் படிக்கப் படிக்கப் புரியும்.

வேணிக்கு நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். மகளிர் குழுச் செயலாளர். பத்தாவது படித்தவர். திட்டத்தில் பயனர் பெண்ணாக இருக்க வேண்டும் என்று சொன்னதால் அவர் பெயரில் கருவி வந்திருக்கிறது. கரையில் உட்கார்ந்து இறாலைப் பெரிசு, சிறிசு என்று பிரித்துக்கொண்டிருந்தார். சென்னையிலிருந்து வருகிறேன், இந்த மாதிரிக் கருவிகளைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசை என்றேன். பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

"வாங்கக்கா, குந்துங்க" என்று ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டார். கையைக் கழுவிக்கொண்டு வந்து, உறை போட்ட நீள நோட்டு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டார்.

இந்த ஏரியில் 'பாடு' என்று ஒரு ஏற்பாடு உண்டு. கடலும் ஏரியும் சேரும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில்தான் இறால் நன்றாகப் படும். அந்த நல்ல இடங்களில் எல்லாரும் ஒரே நேரத்தில் வலை கட்டினால் அடிதடிதான் நடக்கும். அதனால் சீட்டுப் போட்டு முறை பிரித்துக்கொள்கிறார்கள். இன்றைக்கு உனக்கு இந்த இடம், நாளைக்கு வேறொன்று, மறுநாள் பக்கத்து ஊருக்கு. யாருக்கும் நல்ல இடம் நிரந்தரமில்லை, மோசமான இடமும் நிரந்தரமில்லை. வேணியின் நோட்டில் இருந்தது அந்த முறைப் பட்டியல்தான். தேதி, இடம், யார் யார் என்று எழுதியிருந்தது.

"மிஷின் வந்த அன்னிக்கு எங்க வூட்டுக்காரர் எடுத்துனு போனாரு. நல்லாத்தான் இருந்திச்சி. ரெண்டாவது நாள் ஊர்ல கேட்டாங்க, உங்களுக்கு மட்டும் தண்ணி எப்டி கீதுனு தெரியும், மத்தவங்களுக்குத் தெரியக் கூடாதானு. நியாயம்தானேக்கா? அப்பால ஊர்ல பேசினோம். அன்னிக்கு யார் மொறையோ அவங்க படகுல மிஷினும் போவும். சாயங்காலம் என்னாண்ட வந்துரும். நான் நல்ல தண்ணில அலசி, சார்ஜ் போட்டு வெச்சிருவேன்."

கருவியைப் பிறரிடம் கொடுக்கக் கூடாது என்பது நாலாவது விதி. அதை வரைந்தபோது நானும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன், பிஸ்கட் தின்றுகொண்டு.

அடுத்து வேணி நோட்டுக்குள்ளிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். பார்த்த உடனே தெரிந்துவிட்டது. திட்ட அலுவலகத்திலிருந்து போன கடிதம்.

"படிக்கறேன் கேளுங்கக்கா. 'பயனர் கவனக்குறைவானவர்'னு போட்டுக்கீறாங்க. பயனர்னா நான்தானே? திங்கக்கெழம வந்து மிஷின எடுத்துனு போறாங்களாம். போவட்டும். நாங்க பொறந்ததுல இருந்து மிஷின் வெச்சினா வலை கட்டுனோம்? ஆனா புதன்கெழம கலெக்டர் ஆபீசுல மீட்டிங்கு இருக்குது. முகத்துவாரம் மண்ணு மூடிட்டே வருதுனு நாங்க வருசக்கணக்கா சொல்றோம். வாயால சொன்னா நம்ப மாட்டாங்க. இந்தத் தபா நம்பரு வெச்சிருந்தோம், கடல் தண்ணி உள்ள வர்றது மாசாமாசம் கொறையுதுனு. அந்த நம்பர நம்பக் கூடாதுனு இவங்களே எழுதிட்டாங்க. இனிமே அத எங்கக்கா கொண்டுபோய் காட்றது?"

வேறு யாரோ எழுதியது போல உச்சுக்கொட்டிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். சத்தியமாக, ஒரு நிமிடம் அப்படியும் தோன்றியது.

"வேணி, அத எழுதினது நான்தான்."

அவர் கத்தவில்லை. கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து நோட்டுக்குள் வைத்தார். "அப்டிங்களா, மேடம்" என்றார். அதுவரை அக்காவாக இருந்தவள் மேடமாகிவிட்டேன். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

கொஞ்ச நேரம் கழித்து, "படகு கெளம்பப் போவுது. வந்து பாருங்க. பாத்துட்டு எழுதுங்க" என்றார்.

அவர் கணவரின் படகு என்று நினைத்து அதன் பக்கம் நடந்தேன். "அது இல்ல மேடம். இன்னிக்கு ஏழுமல அண்ணன் மொற" என்று திருப்பிவிட்டார். விருந்தாளிக்கும் அதே சட்டம்தான்.

ஏழுமலைக்கு ஐம்பது தாண்டியிருக்கும், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் மனிதர். முதல் வேலையாக என் கழுத்தில் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டார். 9.05-க்குக் கிளம்பினோம். ரொம்ப தூரத்துக்குத் தண்ணீர் முழங்கால் அளவுதான், கோல் ஊன்றித் தள்ளிக்கொண்டே போனார். அப்புறம்தான் மோட்டார். இருபது நிமிடத்தில் அவருடைய அன்றைய இடம் வந்துவிட்டது. உப்பு மிஷின் ஒரு பழைய துண்டில் சுற்றிப் பத்திரமாக மூலையில் இருந்தது. அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார்.

ஐந்து நிமிடம், பத்து நிமிடம் பார்த்தேன். வாய் சும்மா இருக்குமா? "அண்ணே, ஒம்போது மணிக்கே எறக்கணும்னுதானே விதி? இப்பவே ஒம்பதரை ஆயிடுச்சே."

"தண்ணி இன்னும் திரும்பல மேடம்."

"திரும்பினா என்ன?"

என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஒம்போது மணிக்கு எறக்குனா ஒரு நாளு கடல் தண்ணி இருக்கும், ஒரு நாளு ஏரித் தண்ணி இருக்கும். அத வெச்சினு இன்னா பண்றது? ஏறி முடிச்சி திரும்பச் சொல்லோ எறக்கணும். அப்பத்தான் கடலு எத்தினி உள்ள வந்துதுனு தெரியும்."

நட்டிருந்த கம்பைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்த சின்னச் சுழி மெல்ல அடங்கியது. அவர் கருவியை இறக்கினார். மணி 9.50.

"நேத்து எப்போ எறக்கினாங்க?"

"ஒம்போது சில்லறைக்கு. நாளிக்கு பத்தே முக்கா ஆவும்."

அட, நான் எவ்வளவு பெரிய மடச்சி! என் தாளில் அந்த நேரங்கள் தினம் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளித் தள்ளிப் போகும். சாயங்காலம் வரை போய்விட்டு மறுபடி காலைக்குத் தாவும். அதற்குப் பக்கத்தில் சிவப்பு மையால் கோடு போட்டு 'ஒழுங்கின்மை' என்று எழுதியவள் நான். கடலோர ஊர்களின் அளவுகளைச் சரிபார்க்க உட்கார்ந்தவளுக்கு, கடலில் தண்ணீர் ஏறி இறங்கும், அந்த நேரம் தினமும் தள்ளிப்போகும் என்பது நினைவுக்கு வரவில்லை. எங்கள் விதியை எழுதியவர்கள் ஆபீஸ் திறக்கும் நேரத்தைப் பார்த்து எழுதியிருக்கிறோம். இவர்கள் தண்ணீரைப் பார்த்து அதைத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். அப்படித் திருத்தியதால்தான் ஒரு மாதத்து அளவை இன்னொரு மாதத்து அளவோடு ஒப்பிடவே முடிகிறது. வெயில் ஏறிய அந்தப் படகில் எனக்குக் காது வரை சிவந்துவிட்டது.

11.15-க்குக் கரைக்குத் திரும்பினோம். நேராக வேணி வீட்டுக்குப் போய் அவருடைய நோட்டையும் என் போனில் இருந்த அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உட்கார்ந்தேன். நான் தேதியைச் சொல்லச் சொல்ல, அவர் அன்றைக்கு எந்த இடம் என்று படித்தார். இடவாரியாகப் பிரித்து எழுதியதும் குப்பை என்று நான் ஒதுக்கிய எண்கள் எல்லாம் தத்தம் வரிசையில் போய் உட்கார்ந்தன. ஒரே இடத்தில் அளந்திருந்தால் ஒரு இடத்தின் கதைதான் கிடைத்திருக்கும். முறை சுற்றியதால் முகத்துவாரத்தைச் சுற்றியிருக்கும் எல்லா இடத்தின் கதையும் கிடைத்திருந்தது. எல்லா இடத்திலும் உப்பு குறைந்துகொண்டே வந்திருந்தது. வேணி சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

காலியாக இருந்த நாட்கள் எல்லாம் பக்கத்து ஊரின் முறை நாட்கள். ஆனால் கடைசி சில மாதங்களில் காலி நாளே இல்லை. அதற்கு நான் அறிக்கையில் ஒரு காரணமும் எழுதியிருந்தேன்: எங்கள் மையம் அனுப்பிய நினைவூட்டல் குறுஞ்செய்திகளால் முன்னேற்றம் ஏற்பட்டதாக. கூச்சத்தோடு கேட்டேன்.

"அந்த மெசேஜா? இங்கிலீஷ்ல வரும் மேடம். யாரும் தொறந்துகூடப் பாக்கல" என்றார் வேணி. "ரெண்டு ஊரும் சேந்து பேசினோம். முகத்துவாரம் மூடுனா அவங்களுக்கும் சேத்துத்தானே மூடும். அதான், அவங்க மொற அன்னிக்கு மிஷின அங்க அனுப்பிர்றோம்."

இறால் தொக்கும் சோறும் போட்டார். கோபம் இருக்கும்போதும் சோறு போடுகிற கை அது. இரண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டேன், வெட்கத்தை விட்டு. கிளம்பும்போது ஒன்று சொன்னார்: "உங்க ஃபாரத்துல பயனர் பேருக்கு ஒரே ஒரு கோடுதான் இருக்குது. எங்க எல்லாரு பேரயும் எங்க எழுதறது? அதான் எல்லாத் தபாவும் என் பேரே போட்டோம். அது தப்புன்னா அது ஒண்ணுதான் தப்பு."

மாலை 3.20 பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. திருப்பாலைவனம் வரை மனசு ஒரு நிலையில் இல்லை. ஏழை நாடுகளில் புதுமையை எப்படி வளர்ப்பது என்று எத்தனை கருத்தரங்கில் பேசியிருப்பேன்! கருவி கொடுப்போம், பயிற்சி கொடுப்போம், முன்னோடி ஒருவரைத் தேர்ந்தெடுப்போம், மற்றவர்கள் அவரைப் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள் என்பதுதான் எங்கள் பாடம். ஒருவர் மட்டும் முன்னால் போவதையே ஒத்துக்கொள்ளாத ஊர் ஒன்று இருக்கும், அங்கே அந்தக் குணத்தால்தான் கருவி நன்றாக வேலை செய்யும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. பாடு முறையில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. பட்டியலில் இடமில்லாதவர்களும் ஏரியில் உண்டு, அதைப் பற்றிப் பேச எனக்கு இன்னும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் புதிதாக வந்த ஒரு பொருளைச் சண்டையில்லாமல் பங்கிட்டு, விதியில் இருந்த பிழையையும் சத்தமில்லாமல் சரிசெய்த அந்த மனிதர்கள்மேல் எனக்கு வந்த மரியாதை லேசில் போகாது.

திங்கட்கிழமை ஆபீஸ் திறந்ததும் என் நாலு வரியையும் கோடிட்டு அடித்தேன். 'தவறு மதிப்பீட்டாளருடையது, அளவீடுகள் நம்பத்தக்கவை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எங்கள் இயக்குநருக்கு முகம் சுருங்கியது. அனுப்பிய அறிக்கையைத் திரும்பப் பெறுவது மையத்துக்கு நல்ல பெயரா என்றார். ஏறி இறங்கும் தண்ணீரை மறந்த அறிக்கை மட்டும் நல்ல பெயரா என்று கேட்டேன். என் தாளை ஒருமுறை படித்துவிட்டு, கருவியை எடுக்க வேண்டாம் என்று திட்ட அலுவலகத்துக்குப் போன் போட்டார். "சரி, பயனர் பெயர்னு யாரப் போடுவீங்க?" என்றும் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை நான் கேட்டதும் வேணி நோட்டைப் பார்த்துப் போனில் எழுதி அனுப்பியிருந்த, இரண்டு ஊர் ஆட்களின் பெயர்களையும் அச்செடுத்துப் பின்னால் இணைத்தேன், மூன்று பக்கம். ஒரு பிரதியைச் செவ்வாய்க்கிழமை காலை கூரியரில் போட்டுவிட்டு, போனிலும் அனுப்பி வைத்தேன். வேணியிடமிருந்து இரண்டு நீல டிக் மட்டும் வந்தது.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குப் பேருந்து அடிக்கடி இருக்கிறது என்றாலும், திரும்பும் நேரத்தை இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்குச் சாப்பாடு தவிர எல்லாம் சேர்த்து முந்நூறு ரூபாய்க்குள் முடிந்துவிட்டது. தொப்பி, தண்ணீர், நனைந்தால் கவலையில்லாத செருப்பு அவசியம். பயணிகளைப் படகில் ஏற்றக் கட்டுப்பாடுகள் உண்டு. யாரையும் வற்புறுத்தாதீர்கள், லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஏறாதீர்கள். மீன் வாங்குவதானால் காலை எட்டு மணிக்குள் கரைக்குப் போய்விடுங்கள். என்னைப் போல அறிக்கை எழுதுகிறவர்களாக இருந்தால், எழுதுவதற்கு முன்னால் போங்கள். இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தகுதியில்லை.

இவ்வளவும் எழுதி முடித்து வைத்திருந்தபோது, வியாழக்கிழமை காலை போன் வந்தது.

"அக்கா, வேணி பேசறேன்."

அக்கா!

"மீட்டிங்குல எல்லாத்தயும் வாங்கிப் பாத்தாங்க. அந்த மூணு பக்கத்தயும் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. எஞ்சினியருங்க நேர்லயே வந்து முகத்துவாரத்த அளக்கப் போறாங்களாம். எந்தப் படகு ரெடியா இருக்கும்னு ஒருத்தர் கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வர்ற தேதியச் சொல்லுங்க சார், அன்னிக்கு யார் மொறையோ அவங்க படகுனு சொல்லிட்டேன்க்கா."